முதியோருக்குச் சமையல் வகுப்பு: அடுப்பு வாங்கும் முன் படிக்க வேண்டியது

2023 ஜூனில், மதுரையில் எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் முதல் வகுப்பு வைத்தேன். பெயர் கொடுத்தவர்கள் 22 பேர், வந்தவர்கள் 6 பேர். இரண்டு இண்டக்‌ஷன் அடுப்பையும் ஒன்றாகப் போட்டதும் கரண்ட் போய்விட்டது. எலெக்ட்ரீஷியனைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஐயாவுக்குச் சர்க்கரை இறங்கி, கை நடுங்க ஆரம்பித்தது. காலையில் மாத்திரை போட்டிருக்கிறார். "அங்கதான் சாப்பாடு உண்டே" என்று இட்லியைத் தொடாமல் வந்துவிட்டார்.

நான் மனையியல் படித்தவள் இல்லை. ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். கணக்கு எழுதிய பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். சர்க்கரை, பிரஷர் உள்ள பெரியவர்களுக்காக உங்கள் தெருவிலோ குடியிருப்பிலோ இப்படி ஒரு வகுப்பு தொடங்க நினைத்தால், நான் பட்ட பாட்டில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்று அந்த நோட்டைப் பார்த்து இதை எழுதுகிறேன்.

1. வகுப்பு யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

"வயதானவர்களுக்கு" என்று மட்டும் முடிவு செய்தால் போதாது. நான் அதில்தான் முதலில் ஏமாந்தேன். சர்க்கரை இருப்பது மாமியாருக்கு. கரண்டி இருப்பது மருமகள் கையில். மளிகைச் சாமான் வாங்குவது மகன். மாமியாரை மட்டும் கூப்பிட்டு உப்பைக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தால், அவர் வீட்டுக்குப் போய் மருமகளிடம் குறை சொல்வதுதான் நடக்கும். ஒரு வீட்டில் அப்படி ஒரு வாரம் பேச்சே நின்றுபோனது.

அதனால் இப்போது பெயர் பதியும்போதே மூன்று கேள்வி கேட்கிறேன். வீட்டில் சமைப்பது யார்? சாமான் வாங்குவது யார்? மாத்திரை சாப்பிடுவது யார்? மூன்றுக்கும் ஒரே பதில் என்றால் அவர் மட்டும் வந்தால் போதும். இல்லையென்றால் இரண்டு பேராக வரச் சொல்லுங்கள். ஒரு சுற்றுக்கு நான்கு வகுப்பு. மருமகள் வேலைக்குப் போகிறவர் என்றால் அதில் ஒன்றாவது ஞாயிற்றுக்கிழமை இருக்கட்டும்.

நான் எதிர்பார்க்காத இன்னொரு கூட்டமும் வந்தது. மனைவியை இழந்த ஆண்கள். அடுப்புப் பற்றவைக்கவே தெரியாமல், மூன்று வேளையும் மெஸ்ஸிலோ பிஸ்கட்டிலோ ஓட்டுகிறவர்கள். மற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் வகுப்பு அதிகம் தேவை. ஆனால் பெண்கள் நிறைந்த கூடத்தில் வந்து நிற்கக் கூச்சப்படுகிறார்கள். இவர்களுக்குத் தனியாக ஒரு சுற்று வையுங்கள். குக்கர் வைப்பது, முட்டை அவிப்பது, ரசம், ஒரு பொரியல். அவ்வளவு தெரிந்தாலே அவர்கள் சாப்பாடு மாறிவிடும்.

ஒரு சுற்றுக்கு 16 பேர், அதற்கு மேல் வேண்டாம். நான்கு பேர் ஒரு மேசைக்கு. மேசைக்கு ஐந்தாவது ஆள் வந்தால் அவர் வேடிக்கைதான் பார்ப்பார்.

2. இடம்: பிளக், குழாய், படி

கூடம் பெரிதா, ஃபேன் இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலில் சுவரில் இருக்கும் பிளக்கைப் பாருங்கள். சாதாரணச் சின்ன பிளக் 6 ஆம்பியர் தாங்கும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். கீசர், ஏசிக்குப் போடும் பெரிய 16 ஆம்பியர் பிளக் வேண்டும். அதுவும் இரண்டு அடுப்பு என்றால் இரண்டும் வேறுவேறு லைனில் இருக்க வேண்டும். சின்ன பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இழுப்பது ஆபத்து. நான் செய்தேன், வயர் சூடாகி வாடை வந்தது. ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். 300 ரூபாய் கேட்பார், கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது குழாய். பாத்திரம் கழுவும் இடம் கூடத்தை ஒட்டி இருக்க வேண்டும். அது தள்ளி இருந்தால், ஈரக் கையோடு நடக்கிற வழியெல்லாம் தரை நனைந்து யாராவது வழுக்கி விழுவார்கள். எழுபது வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். குழாயடியில் ரப்பர் மேட் போடுங்கள்.

மூன்றாவது படி. மாடியில் இருக்கும் கூடம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். கழிப்பறை அதே தளத்தில், மேற்கத்திய முறையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முட்டி வலிக்காரர்கள் அதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள், ஆனால் அடுத்த வகுப்புக்கு வர மாட்டார்கள்.

குடியிருப்புச் சங்கக் கூடம், பள்ளிக்கூடம் விடுமுறையில் கொடுக்கும் அறை, கோவில் அன்னதானக் கூடம் எல்லாம் கேட்டுப் பார்க்கலாம். கேட்கப் போகும்போது ஒரு பக்கக் கடிதம் கையில் இருக்கட்டும். தேதி, நேரம், எத்தனை பேர், எந்த அடுப்பு, கூட்டிப் பெருக்கித் தருவது யார், பொருள் உடைந்தால் பொறுப்பு யார் என்று எழுதி இருவர் கையெழுத்துப் போட்டது. எனக்கு ஓர் இடத்தில் வாய்ப்பேச்சாகச் சரி என்றார்கள். வகுப்பன்று காலையில் போனால் வேறு விசேஷத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 16 பேருக்கு நறுக்கக் கழுவி வைத்த காய் என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் கிடந்தது. அன்றிலிருந்து எழுத்தில் வாங்காமல் தேதி சொல்வதில்லை.

3. அடுப்பு

வீட்டிலிருந்து சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். செய்யாதீர்கள். 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான். வெளி இடங்களில் பயன்படுத்த 19 கிலோ வணிகச் சிலிண்டர் என்று தனியாக இருக்கிறது. அவ்வளவு பெரிது வேண்டாம் என்றால் 5 கிலோ சிலிண்டரை அடையாளச் சான்று ஒன்றைக் காட்டி ஏஜென்சியில் வாங்கலாம்.

என்னைக் கேட்டால் இண்டக்‌ஷன்தான் நல்லது. நெருப்பு இல்லை, முந்தானை பற்றுமோ என்ற பயம் இல்லை. ஆனால் ஒரு விஷயம்: அலுமினியம், ஈயம், பித்தளை, மண்சட்டி எதுவும் அதில் சூடேறாது. காந்தம் ஒட்டுகிற, அடிப்பாகம் தட்டையான பாத்திரம் வேண்டும். வாடகைப் பாத்திரக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அலுமினியம். கடைக்குப் போகும்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சின்னக் காந்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் சிரித்தார், ஆனால் நான் ஏமாறவில்லை.

இதய மின்கருவி, அதாவது பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் இண்டக்‌ஷன் பக்கம் நிற்கவிடாமல் நறுக்கும் மேசையில் உட்கார வையுங்கள். அவர் டாக்டரிடம் கேட்டு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

4. காகிதங்கள்

(அ) உணவுப் பாதுகாப்புப் பதிவு. வந்தவர்களே சமைத்து அவர்களே சாப்பிடும் வகுப்புக்கு இது எதற்கு என்று நானும் நினைத்தேன். ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவுத் தொழில் என்று சொல்லும்போது லாபம் உண்டா இல்லையா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. மீந்த சுண்டலை நாலு வீட்டுக்குக் கட்டிக் கொடுப்பது, கோவில் விழாவில் ஒரு மேசை போடுவது என்று வகுப்பு தானாகவே வளரும். அப்போது யாராவது கேட்டால் பதில் வேண்டும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தேவை என்றால் சிறு வணிகர்களுக்கான பதிவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் நாமே செய்துகொள்ளலாம். புகைப்படம், அடையாளச் சான்று, இடத்துக்கான முகவரிச் சான்று இருந்தால் போதும். நான் எடுத்தபோது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். 14 இலக்க எண் ஒன்று வரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தேடினால் முதலில் வருவது அரசு தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள். அதில் ஒன்றில் நான் 1,800 ரூபாய் கட்டிவிட்டேன். பதிவு வந்தது, பொய் இல்லை. ஆனால் 100 ரூபாய் வேலைக்கு 1,700 ரூபாய் கூலி. முகவரியின் கடைசியில் அரசு தளங்களுக்கு உரிய 'ஜி.ஓ.வி.டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

(ஆ) உடல்நலத் தாள். இதுதான் நிஜமாகவே முக்கியமான காகிதம். ஒருவருக்கு ஒரு பக்கம்: பெயர், வயது, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண், சர்க்கரை, பிரஷர், சிறுநீரகம், இதயம், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, ஒவ்வாமை, பல் நிலைமை. மாத்திரையின் பெயரைக் கேட்டு எழுதாதீர்கள், "அந்த வெள்ளை மாத்திரைதான்" என்பார்கள். அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். ஆதார் எண் எதற்கும் தேவையில்லை, வாங்காதீர்கள். இந்தத் தாளை எல்லோர் முன்னிலும் படிக்காதீர்கள். தனக்குச் சர்க்கரை இருப்பதைச் சம்பந்தி வீட்டுக்குக்கூடச் சொல்லாத அம்மாக்கள் இருக்கிறார்கள்.

(இ) ரசீதுப் புத்தகம். ஐந்து ரூபாய் வாங்கினாலும் ரசீது. உங்கள் சொந்த ஜிபே எண்ணில் பணம் வாங்காதீர்கள், வாங்கினால் மூன்றாம் மாதம் ஒரு பேச்சு கிளம்பும். சங்கத்தின் கணக்கில் வாங்குங்கள், அல்லது ரொக்கமாக வாங்கி ரசீது கொடுங்கள்.

5. சொல்லித்தர ஆள்

சமையல் தெரிந்தவர் நிறையப் பேர் கிடைப்பார்கள். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு எதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்தவர் ஒருவராவது வேண்டும். சத்துணவியல் படித்த உணவியல் நிபுணரை மாதம் ஒருமுறையாவது கூப்பிடுங்கள். மதுரையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சமுதாய அறிவியல் கல்லூரி இருக்கிறது. காந்திகிராமத்திலும் மனையியல் துறை உண்டு, கோவைக்காரர்களுக்கு அவினாசிலிங்கம். இப்படிப்பட்ட துறைகளின் தலைவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டுப் பாருங்கள். களப்பணிக்கு இடம் தேடும் மாணவிகள் இருப்பார்கள். பருவம் தொடங்கும்போதே கேட்க வேண்டும். தேர்வு நெருங்கும்போது கேட்டால் யாரும் வரமாட்டார்கள்.

நீங்களே பேசுவதானால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: மாத்திரையைக் கூட்டு, குறை, நிறுத்து என்று ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும் "டாக்டரைக் கேளுங்கம்மா" என்பதுதான் பதில். நோட்டீஸில் "சர்க்கரை நோய் குணமாகும்" என்று எழுதவே எழுதாதீர்கள்.

6. செலவு

ஒரு தடவை வாங்கிய சாமான்கள் (2023 விலை): இண்டக்‌ஷன் அடுப்பு 2, 4,600 ரூபாய். அடிகனமான ஸ்டீல் பாத்திரம் 4, 2,800. கத்தி, பீலர், வெட்டுப் பலகை 950. அளவுக் கரண்டி 4 செட் 400. சமையலறைத் தராசு 380. முதலுதவிப் பெட்டி 350. மொத்தம் 9,480 ரூபாய்.

ஒரு வகுப்புக்கு: கூட வாடகை 500, காய்கறி மளிகை 850, பாத்திரம் கழுவும் அக்காவுக்கு 300, தண்ணீர் கேன் இரண்டு 80, நகல் எடுக்க 40. ஆக 1,770. அந்த 300 ரூபாயை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். முதல் சுற்றில் நானே கழுவினேன், இரண்டாம் வகுப்போடு வெறுத்துவிட்டது.

இலவசமாக நடத்தலாமா? நடத்திப் பார்த்தேன். இலவசம் என்றால் வருகிறேன் என்பவரும் அதிகம், வராதவரும் அதிகம். இப்போது நான்கு வகுப்புக்கும் சேர்த்து 400 ரூபாய், முதலிலேயே வாங்கிவிடுகிறேன். 16 பேரிடம் 6,400 வரும். செலவு 7,080. குறையும் 680 ரூபாய்க்கு நன்கொடை கேட்கிறேன், ஆனால் பணமாக இல்லை. "இந்த மாசம் ரெண்டு கிலோ துவரம்பருப்பு உங்க பொறுப்பு" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கட்ட முடியாதவர்களிடம் வாங்குவதில்லை. அது எனக்கும் ரசீதுப் புத்தகத்துக்கும் மட்டும் தெரியும்.

காய்கறியை உழவர் சந்தையில் காலை 7 மணிக்குள் வாங்கிவிடுங்கள். கீரை மட்டும் வகுப்பன்று வாங்க வேண்டும், மற்றதை முதல் நாளே வாங்கலாம்.

7. நேரம்

முதலில் 11 மணிக்கு வைத்தேன். தவறு. சமைத்து முடித்து இலை போட ஒன்றரை ஆனது. அதுவரை சர்க்கரை மாத்திரை போட்டவரும் இன்சுலின் போட்டவரும் காத்திருக்க முடியாது. இப்போது சரியாக 10 மணிக்குத் தொடக்கம், 11.45-க்குத் தட்டில் சாப்பாடு. வாசலிலேயே கேட்கிறேன், "காலைல சாப்டீங்களா?" இல்லை என்றால் உள்ளே விடுவதற்கு முன் ஒரு கிண்ணம் சுண்டலும் மோரும்.

கூடத்தில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். கை நடுக்கம், வியர்வை, தலைசுற்றல், பேச்சில் தடுமாற்றம் என்றால் 15 கிராம் குளுக்கோஸ், இல்லையென்றால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் பொறுத்துப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். எங்கள் ஐயாவுக்கு அன்று ஒருவர் கிரீம் பிஸ்கட் கொடுத்தார். நல்ல மனசுதான், ஆனால் அது ரத்தத்தில் ஏற நேரமாகும்.

8. நான்கு வகுப்பில் என்ன சமைப்பது

இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஒன்றை மனதில் வையுங்கள். உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் உங்களைவிட நன்றாகச் சமைப்பவர்கள். முதல் நாள் ஓர் அப்பத்தா கேட்டார்: "அம்பது வருசமா அடுப்படியில நிக்கிறேன். எனக்கு நீ சொல்லித் தரப் போறியாத்தா?" நியாயமான கேள்வி. சமையலைச் சொல்லித்தராதீர்கள், அளவை மட்டும் சொல்லித்தாருங்கள். நம் வீடுகளில் யாருமே உப்பையும் எண்ணெயையும் அளந்து போட்டதில்லை.

முதல் வகுப்பு, உப்பு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். அதைச் சொன்னால் யார் காதிலும் ஏறாது. தராசில் 5 கிராம் உப்பை நிறுத்து ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வையுங்கள். "மூணு வேளைக்கும் இவ்வளவுதானா?" என்று ஒரு சத்தம் எழும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. கல்லுப்பு, பொடியுப்பு இரண்டையும் நிறுத்துக் காட்டுங்கள். கரண்டி ஒன்றாக இருந்தாலும் எடை வேறு.

பிறகு ஒரே சாம்பாரை இரண்டு பாத்திரத்தில் வையுங்கள், 8 பேர் அளவு. ஒன்றில் 2 டீஸ்பூன் உப்பு. இன்னொன்றில் ஒன்றேகால் டீஸ்பூன், அதையும் இறக்கும் நேரத்தில் போடுங்கள். கூடவே புளி ஒரு சுளை அதிகம், பெருங்காயமும் கொத்தமல்லியும் தாராளமாக. எது எது என்று சொல்லாமல் 1, 2 என்று எண் மட்டும் ஒட்டி ருசி பார்க்கக் கொடுங்கள். எங்கள் கூடத்தில் பாதிக்கு மேல் உப்புக் குறைந்ததைத்தான் நன்றாக இருக்கிறது என்றார்கள். கேள்வி கேட்ட அப்பத்தாவும்தான். அதற்குப் பிறகு அவர் என் பக்கம்.

வீட்டுப் பாடம் ஒன்று கொடுங்கள். புது உப்புப் பொட்டலத்தைப் பிரித்ததும் அதன் மேல் தேதி எழுத வேண்டும். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம் என்றால் சரியான அளவு. ஒரு கிலோ பொட்டலம் மாதத்துக்குள் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமைத் தாண்டிவிட்டது. ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு இதில் சேரவில்லை.

இங்கே இரண்டு பொறிகள். இந்துப்பு சாப்பிட்டால் பிரஷர் ஏறாது என்று யாராவது சொல்வார்கள். இந்துப்பும் உப்புதான், அதிலும் சோடியம்தான். இன்னொன்று, கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பு. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். மற்றவர்களுக்கு நல்லதுதான், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகைப் பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்கும் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது என்று மூன்று தடவை சொல்லுங்கள்.

இரண்டாம் வகுப்பு, எண்ணெயும் காயும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் 2,000 கலோரிச் சாப்பாட்டுக்கு ஒரு நாள் அளவு இருக்கிறது: கீரையோடு சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், தானியம் 250 கிராம், எண்ணெய் 27 கிராம். எழுபது வயதுக்காரர் பலருக்கு 2,000 கலோரியே தேவைப்படாது, அப்படியென்றால் எண்ணெய் இன்னும் குறைய வேண்டும். 400 கிராம் காயை நறுக்கி ஒரு தட்டில் குவித்து வையுங்கள். பார்க்கிறவர்கள் "இது எங்க வீட்டுல நாலு பேருக்கு" என்பார்கள்.

அரைக் கிலோ பீன்ஸ் பொரியலை 2 டீஸ்பூன் எண்ணெயில் செய்து காட்டினோம். தாளித்து, காயைப் போட்டு, கை தெளித்த தண்ணீரில் மூடி வேக வைத்து, கடைசியில் தேங்காய்ப்பூ. எண்ணெயைப் பாட்டிலில் இருந்து நேராகச் சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள், அந்தப் பழக்கம் மட்டும் வந்தால் போதும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்ற மாத்திரை போடுகிறவர்கள் இருந்தால், கீரையைத் திடீரென்று அதிகமாக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், வழக்கமான அளவிலேயே சாப்பிடச் சொல்லுங்கள்.

மூன்றாம் வகுப்பு, புரதம். பெரியவர்கள் பல் இல்லை என்று கஞ்சி, ரசம் சாதம், இட்லி என்று மென்மையானதற்கே போய்விடுகிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியர்களுக்கான பரிந்துரை, அதாவது 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. அதனால் மென்மையாகவும் இருக்க வேண்டும், புரதமும் இருக்க வேண்டும்: முளைகட்டிய பச்சைப்பயறை ஆவியில் வேக வைத்து மசித்த சுண்டல், பருப்பு அதிகம் போட்ட மெத்தென்ற அடை, முட்டைப் பொடிமாஸ், கெட்டித் தயிர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களை உணவியல் நிபுணரிடம் அனுப்புங்கள். முட்டைக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி மேசை. இதை முன்கூட்டியே அறிவியுங்கள்.

நான்காம் வகுப்பு, தட்டு. அன்று புதிதாக எதுவும் சமைப்பதில்லை. பழைய மூன்றையும் அவர்களே செய்வார்கள், நாம் பரிமாறும் அளவை மாற்றிக் காட்டுகிறோம். தட்டில் பாதிக்குக் காய், கால் பாகம் பருப்போ முட்டையோ, கால் பாகம் சோறு. முதலில் காயைச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வரச் சொல்லுங்கள். கேப்பைக் கஞ்சி குடித்தால் சர்க்கரை ஏறாது என்ற நம்பிக்கையையும் அன்றே பேசிவிடுங்கள். நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி வேகமாகச் சர்க்கரையை ஏற்றும். சிறுதானியம் நல்லதுதான், அதையும் முழுசாக, காயோடும் பருப்போடும், அளவாகச் சாப்பிட வேண்டும். எங்கள் வகுப்பில் ஒருவர் இரண்டு சொம்புக் கஞ்சி குடித்துவிட்டு "சோறே தொடுறதில்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நறுக்குவது எல்லாம் உட்கார்ந்துதான். அரிவாள்மனை வேண்டும் என்று கேட்பார்கள், தரையில் உட்கார்ந்தபின் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருக்கும். மேசை, நாற்காலி, பீலர். பருத்திப் புடவை முந்தானையை இடுப்பில் செருகிய பிறகே அடுப்புப் பக்கம் விடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சங்கடமான விஷயம். யார் சமைத்ததை யார் சாப்பிடுவது என்ற பேச்சு முதல் வகுப்பிலேயே முணுமுணுப்பாக வரும். நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. சீட்டுக் குலுக்கி நான்கு நான்கு பேராகப் பிரித்தேன், எல்லோரும் எல்லா மேசையிலும் சாப்பிட வேண்டும் என்பது பதிவுத் தாளிலேயே அச்சடித்த விதி. ஒருவர் மட்டும் பணத்தைத் திருப்பிக் கேட்டார். கொடுத்து அனுப்பிவிட்டேன்.

9. ஆள் சேர்ப்பதும் தேதி குறிப்பதும்

நோட்டீஸ் ஒட்டி வந்தவர்கள் மிகக் குறைவு. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கட்டைவிரல் மட்டும் வரும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் தன்னார்வலர் அக்கா உங்கள் தெருவுக்கும் வருவார். அவரிடம் யார் யாருக்கு என்ன நோய் என்று பட்டியல் கேட்காதீர்கள், அவர் கொடுக்கவும் கூடாது. நம் நோட்டீஸைக் கையில் கொடுத்து, போகிற வீடுகளில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். எங்கள் இரண்டாம் சுற்றில் பாதிப் பேர் அப்படித்தான் வந்தார்கள். பக்கத்து நகர்ப்புற சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்க வரிசை நிற்கும் நாளில் போய் நின்று பேசுவதும் பலன் தரும்.

வகுப்புக்கு முதல் நாள் மாலை ஒவ்வொருவரையும் ஃபோனில் கூப்பிடுங்கள். குறுஞ்செய்தி பத்தாது. "நாளைக்கு வர்றீங்கள்லம்மா, காலைல ரெண்டு இட்லி சாப்பிட்டு வாங்க, கண்ணாடியை மறந்துடாதீங்க." இந்த மூன்றையும் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். கண்ணாடி இல்லாமல் வந்தால் அளவுக் கரண்டியில் போட்டிருக்கும் எண் தெரியாது.

ஏற்பாட்டுக்கு ஐந்து வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இடத்துக்கு இரண்டு வாரம், பதிவுக்கும் உடல்நலத் தாளுக்கும் இரண்டு வாரம், கடைசி வாரத்தில் நான்கு பேரை மட்டும் வைத்து ஒரு ஒத்திகை. அடுப்பு, பிளக், குழாய், நேரம் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். வகுப்புகளை வாரம் ஒன்றாக நான்கு வாரம் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் மறந்துவிடுகிறார்கள்.

மதுரையில் சித்திரைத் திருவிழாவை ஒட்டி எதுவும் வைக்காதீர்கள், வீடு நிறைய விருந்தாளிகள் இருப்பார்கள். மார்கழியில் பலர் காலையில் கோவிலுக்குப் போய்விடுவார்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் எண்ணெய் பற்றிப் பேசிப் பயனில்லை. எனக்குச் சரிவந்தது ஆடி மாதம். விசேஷம் குறைவு, மண்டபங்களும் காலியாக இருக்கும், வாடகையில் பேரம் பேசலாம். ஆனாலும் தேதி குறிக்கும் முன் தெருவில் கூழ் ஊற்றும் நாள் எது என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் ஒரு செவ்வாய்க்கிழமை வைத்தேன். 16 பேரும் தூக்குவாளியோடு அம்மன் கோவில் வாசலில் நின்றார்கள், போய்ப் பார்த்தால் பாத்திரம் கழுவும் அக்காவும் அங்கேதான்.